43ஆம் இலக்கச் சட்டை



தஜ்வீதும் ஃபிக்ஹும் கற்பிக்கும் ஒருவர் பனி ஹாக்கியைப் பற்றி எழுத முன்வருவது வாசகர்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். எமக்கும் அவ்வாறே தோன்றுகிறது. கிழக்கிலங்கையில் பிறந்து வளர்ந்த நாம் பனியைக் கண்ணால் கண்டதே முப்பது வயதை நெருங்கிய பின்னர்தான். 1996ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப் போட்டியை அயல் வீட்டுத் தொலைக்காட்சியின் முன் நெருக்கியடித்து அமர்ந்து பார்த்த தலைமுறை எமது தலைமுறை. விளையாட்டு என்றால் கிரிக்கெட். அதற்கு அப்பால் ஒன்றும் அறியோம்.

டொரன்டோ நகரின் ஸ்கார்பரோப் பகுதியில், வார இறுதி மத்ரஸா ஒன்றில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கத் தொடங்கிய பின்னர் இவ்விளையாட்டு எம்மைத் தேடி வந்தது. இடைவேளை விட்டதும் பிள்ளைகள் ஒரு மூலையில் கூடிவிடுவார்கள். யாருக்குக் காயம், இன்றிரவு கோல் காப்பாளர் யார், எவரை எந்த அணிக்கு மாற்றப்போகிறார்கள் என்பனவே பேச்சு. முந்திய வாரம் மனனமிட்ட ஸூரா மறந்துபோயிருக்கும். மேப்பிள் லீஃப்ஸ் அணியின் நான்காவது வரிசையில் ஆடுபவர் யார் என்பது மறந்திராது. முதலில் கண்டித்தோம். பின்னர் செவிமடுத்தோம். பின்னர், உண்மையை மறைப்பானேன், நாமும் இரவில் கைப்பேசியில் முடிவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டோம்.

தாயகத்தில் இருக்கும் வாசகர்களுக்காகச் சில வரிகள். பனித்தளத்தில் ஓர் அணிக்கு ஆறு பேர். அவர்களுள் ஒருவர் கோல் காப்பாளர். 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் கடினமான றப்பர் வட்டு. எம்மிடம் ஓதும் சிறுமி ஒருத்தி அதைக் 'கருகின ரொட்டி' என்று பெயரிட்டிருந்தாள். எமக்குத் தெரிந்த மிகச் சிறந்த தமிழாக்கம் அதுவே. 2008 முதல் பஞ்சாபியர் தமது மொழியிலேயே இவ்விளையாட்டுக்கு வர்ணனை கேட்கின்றனர். நம் பிள்ளைகளோ சொல்லைத் தாமே ஆக்கிக்கொள்கின்றனர். உடலால் மோதுவது இவ்விளையாட்டில் அனுமதிக்கப்பட்டது. வரம்பு மீறி மோதினால் குற்றம். குற்றம் இழைத்தவர் தண்டனைப் பெட்டிக்குள் சென்று இரண்டு நிமிடங்களோ ஐந்து நிமிடங்களோ அமர்ந்திருக்க, அவருடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். ஒருவர் தவறுக்கு அனைவரும் விலை கொடுப்பது என்பதால், இரசிகர்களின் சினம் பெரும்பாலும் அப்பெட்டியைச் சுற்றியே எரியும்.

தேசிய ஹாக்கி லீக்கில் இன்று 32 அணிகள் உள்ளன. வழமையான பருவத்தில் ஒவ்வோர் அணியும் நீண்ட காலமாக 82 போட்டிகள் ஆடி வந்திருக்கிறது. அதன் பின்னர் ஏழில் நான்கை வெல்லும் முறையில் நான்கு சுற்றுகள் வென்றால் ஸ்டான்லி கிண்ணம். டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ் அக்கிண்ணத்தைக் கடைசியாக வென்றது 1967இல். ஆகவே இந்நகரின் ஹாக்கிப் பேச்சில் வெற்றியின் சுவையை விட யார்மீது பழி போடலாம் என்ற தேடலே மிகுதி. வானொலிக்கு அழைத்துத் திட்டுவோர், வீரர்களை இடம்மாற்றும் இறுதி நாளில் பணிக்கு விடுப்பு எடுத்துத் தொலைக்காட்சி முன் அமர்வோர், 'அவருக்கு நெருக்கமானவர் சொன்னாராம்' என்று செய்தி பரப்புவோர் என எல்லோரையும் கண்டிருக்கிறோம். அவர்களுள் நம் ஜமாஅத்தார் பலர். கேட்ட செய்தியை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று ஹுஜுராத் அத்தியாயத்தை வைத்துப் பாடம் நடத்திவிட்டு, தேநீர்க் கோப்பையுடன் அதே வாயால் இடமாற்ற வதந்தியைப் பேசியவர்களுள் நாமும் ஒருவர்.

எம்மை இப்பேச்சுக்குள் இழுத்தவர் நாஸிம் காத்ரி. ஒன்டாரியோவின் லண்டன் நகரைச் சேர்ந்தவர். லெபனானில் இருந்து குடியேறிய குடும்பம். 2009இல் லீஃப்ஸ் அணி அவரை ஏழாவது தெரிவாக எடுத்தது. அணியின் நீலச் சட்டையில் 43ஆம் இலக்கத்துடன் ஒரு முஸ்லிம் பெயரைக் கண்டபோது நம் பிள்ளைகளின் முகத்தில் தோன்றிய ஒளியை எவ்வாறு எழுதுவது? 'நம்மவர்' என்றார்கள். நாமும் சொன்னோம். 2016-17 பருவத்தில் 32 கோல்கள், அதற்கடுத்த பருவத்திலும் 32. அவ்விரண்டு ஆண்டுகளும் ஜும்ஆவுக்குப் பின் காலணி அணியும் இடத்தில் இப்பெயரைக் கேட்காத வாரம் குறைவு.

ஆனால் அவர் இலகுவில் சினம் கொள்பவர். 2018இல் பொஸ்டன் அணிக்கு எதிரான முதற் சுற்றின் முதற் போட்டியிலேயே வரம்பு மீறி மோதி மூன்று போட்டிகளுக்குத் தடை பெற்றார். லீஃப்ஸ் ஏழாவது போட்டியில் வெளியேறியது. மறு ஆண்டும் அதே சுற்று, அதே பொஸ்டன். 2019 ஏப்ரல் 13, சனிக்கிழமை இரவு நடந்த இரண்டாவது போட்டியில் பொஸ்டனின் டெப்ரஸ்க், லீஃப்ஸின் மூத்த வீரர் மார்லோவை மோதினார். காத்ரி விரைந்து சென்று, இரு கைகளாலும் பிடித்த ஸ்டிக்கால் டெப்ரஸ்க்கின் முகத்தில் இடித்துவிட்டார். உடனே களத்திலிருந்து அகற்றப்பட்டார். பின்னர் அச்சுற்றின் எஞ்சிய போட்டிகள் அனைத்துக்கும் தடை. அணி மூன்றுக்கு இரண்டு என முன்னிலை பெற்றும், மீண்டும் ஏழாவது போட்டியில் தோற்றது.

நாம் எழுத வந்தது அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த காலையைப் பற்றி.

எம்மிடம் ஓதும் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவனுடைய வாப்பா ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை. பாவித்த பொருட்கள் விற்கும் கடையில் பனிச்சறுக்குக் காலணி வாங்கிக் கொடுத்து, அயல் பகுதிச் சிறுவர் லீக்கில் அவனைச் சேர்த்திருந்தார். 43ஆம் இலக்கச் சட்டை ஒன்றையும் வாங்கியிருந்தார், வளரும் பிள்ளை என்பதால் இரண்டு அளவு பெரிதாக. அச்சட்டை முழங்கால் வரை தொங்க, அதன் மேல் ஜுப்பாவை மாட்டிக்கொண்டு வருவான். அன்றும் அப்படியே வந்தான். மற்றப் பிள்ளைகள் காத்ரியை ஏசிக்கொண்டிருந்தார்கள். இவன் மட்டும், "அவர் தன்னுடைய ஆளுக்காகத்தான் போனார்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நாம் முந்திய இரவு போட்டியைப் பார்த்திருந்தோம். எரிச்சல் தணியவில்லை. வகுப்பின் நடுவே நின்று, "தன் கையை அடக்கத் தெரியாதவன் நம்மவன் இல்லை. முஸ்லிம்களின் பெயரைக் கெடுத்துவிட்டான். அந்தச் சட்டையை இனி இங்கே போட்டுக்கொண்டு வராதே" என்றோம். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருவன் அவனைப் பார்த்து, "பெனால்டி" என்று கூவினான். அன்று முதல் சில மாதங்கள் அதுவே அவனுக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. நாம் தடுக்கவில்லை. சொல்லப்போனால், அப்பெயரைக் கேட்டு ஓரிரு முறை புன்னகைத்தும் இருக்கிறோம்.

அவன் சட்டையை அணிந்து வருவதை நிறுத்திக்கொண்டான். ஓதுவதை நிறுத்தவில்லை; எனவே எமக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அவ்வாண்டு ஜூலை 1ஆம் திகதி லீஃப்ஸ் அணி காத்ரியைக் கொலராடோவுக்கு மாற்றியது. இரசிகர்கள் 'சினத்துக்குக் கிடைத்த தண்டனை' என்று பேசினர். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் கணக்குப் பார்த்தால் வேறு காரணங்களும் தென்படும். 2005 முதல் இந்த லீக்கில் ஒவ்வோர் அணியும் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2018இல் ஜோன் டவாரெஸை ஆண்டுக்கு 11 மில்லியன் டொலருக்கு எடுத்த பின், 4.5 மில்லியன் பெறும் காத்ரி மூன்றாவது மைய ஆட்டக்காரராகிவிட்டார். இளம் வீரர்களின் சம்பளமோ ஏறிக்கொண்டிருந்தது. தற்காப்பு வரிசையில் ஆள் தேவைப்பட்டது. அவருக்குப் பதிலாக வந்த டைசன் பாரி ஒரே பருவத்தில் வெளியேறினார். மேலும், அக்கோடையில் காத்ரியை முதலில் கல்கரிக்கு அனுப்ப முயன்றபோது அவர் இணங்கவில்லை. டொரன்டோவிலேயே இருக்க விரும்பினார். இவ்வளவையும் அறியாமல் 'துரத்திவிட்டார்கள்' என்று நாமும் சொல்லித் திரிந்தோம்.

அதே ஆண்டு நவம்பரில், சனிக்கிழமை ஹாக்கி ஒளிபரப்பில் பல்லாண்டுகள் கருத்துரைத்து வந்த டொன் செரி, குடியேறியவர்களைப் பற்றிப் பேசிய பேச்சுக்காக நீக்கப்பட்டார். நம் மக்கள் அதை வன்மையாகக் கண்டித்தனர், நாமும் கண்டித்தோம். ஒரு கூட்டத்தையே ஒரே வாக்கியத்தில் வெளியே தள்ளுவது எத்தகைய செயல் என்று ஜமாஅத்தில் நீண்ட நேரம் பேசியது நினைவில் உள்ளது. ஏப்ரலில் நாம் ஒரு மனிதரை ஒரே வாக்கியத்தில் வெளியே தள்ளியது அப்போது நினைவுக்கு வரவில்லை.

2021 ஜூன் 6ஆம் திகதி காத்ரியின் சொந்த ஊரான லண்டனில், மாலையில் நடந்துகொண்டிருந்த முஸ்லிம் குடும்பம் ஒன்றின் மீது ஒருவன் வேண்டுமென்றே வாகனத்தை ஏற்றினான். நால்வர் மரணித்தனர், ஒரு சிறுவன் மட்டும் உயிர் பிழைத்தான். இதைப் பற்றி இங்கு அதிகம் எழுத எமக்கு மனவலிமை இல்லை. அதன் பின்னர் சில மாதங்கள் எம் மாணவர்களின் உம்மாமார் பிள்ளைகளைத் தனியே நடந்து வர விடவில்லை.

அதே பருவத்தில் காத்ரி மீண்டும் பெருந்தடை பெற்றிருந்தார். செயின்ட் லூயிஸ் அணியின் வீரர் ஒருவரின் தலையில் மோதியதற்காக எட்டுப் போட்டிகள். தடை முடிந்து அவர் திரும்புவதற்குள் கொலராடோ வெளியேறிவிட்டது. இம்முறை எம் வகுப்பில் எவரும் அவரைப் பற்றிப் பேசவில்லை. பேச்சில் இருந்து ஒருவர் இப்படித்தான் மறைந்து போகிறார்.

மறு ஆண்டு, 2022 மே 21. மீண்டும் செயின்ட் லூயிஸ். மூன்றாவது போட்டியில், கட்டற்றுக் கிடந்த பக்கை நோக்கி விரைந்த காத்ரி எதிரணி வீரருடன் சேர்ந்து கோல் காப்பாளர் பின்னிங்டன் மீது விழுந்தார். காப்பாளரின் முழங்கால் காயப்பட்டது. நடுவர்கள் அதற்குக் குற்றம் விதிக்கவில்லை. ஆனால் முந்திய ஆண்டின் கோபம் அந்நகரில் ஆறாமல் இருந்தது. அன்றிரவே காத்ரிக்கு வந்த செய்திகளில் கொலை மிரட்டலும், அவர் இனத்தையும் மார்க்கத்தையும் இழிவுபடுத்தும் சொற்களும் நிறைந்திருந்தன. அவற்றுள் சிலவற்றை அவருடைய மனைவி வெளியிட்டார். பொலிஸ் பாதுகாப்பு ஏற்பாடு செய்யப்பட்டது. இரண்டு நாள் கழித்து, அதே அரங்கில், அவர் பக்கைத் தொடும்போதெல்லாம் கூட்டம் கூச்சலிட, மூன்று கோல்கள் போட்டார். கொலராடோ 6-3 என வென்றது.

அடுத்த ஞாயிறு வகுப்பில் நாம் பாடத்தை ஒரு புறம் வைத்துவிட்டு இதைச் சொன்னோம். பொறுமையைப் பற்றிச் சொன்னோம். ஏச்சுக்குக் கையால் பதில் கொடுக்காமல் ஆட்டத்தால் பதில் கொடுத்தார் என்றோம். 'நம்மவர்' என்ற சொல்லையும் தயக்கமின்றிப் பயன்படுத்தினோம். அச்சிறுவனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. பின் வரிசையில் இருந்து கை உயர்த்தினான்.

"உஸ்தாத், அவர் நம்மவர் இல்லை என்று சொன்னீங்களே?"

மரியாதைக் குறைவு இல்லை. குத்திக்காட்டும் தொனியும் இல்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டான். நாம் ஏதோ மழுப்பினோம். அது பழைய விடயம், மனிதர்கள் மாறுவார்கள் என்ற வகையில். அவன் தலையசைத்து அமர்ந்துகொண்டான்.

அன்று ழுஹருக்குப் பின் அவனுடைய வாப்பாவிடம் இதை ஒரு வேடிக்கைபோலச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. சற்று நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மௌலவி, உங்களுக்கு ஒன்று தெரியாது" என்று தொடங்கினார்.

பெப்ரவரி மாதம் சிறுவர் போட்டி ஒன்றில் எதிரணிப் பையன் ஒருவன் இவனுடைய பெயரையும் மார்க்கத்தையும் சேர்த்து ஒரு சொல் சொல்லியிருக்கிறான். ஒரு முறை அன்று, ஆட்டம் முழுவதும். கடைசியில் இவன் அவனைப் பலகையோடு தள்ளிவிட்டான். இவனுக்குத் தண்டனை, அடுத்த போட்டிக்கும் தடை. ஏன் தள்ளினாய் என்று பயிற்சியாளர் கேட்டபோது இவன் வாய் திறக்கவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. மூன்று வாரங்களுக்குப் பின் உம்மாவிடம் மட்டும் சொன்னானாம். "மௌலவியிடம் சொல்லுவோமா மகன் என்று கேட்டேன். வேண்டாம், உஸ்தாதுக்குத் தெரிந்தால் நான் நம்மவன் இல்லை என்று சொல்லிவிடுவார் என்றான்."

மூன்றாண்டுகளுக்கு முன், தோல்விக்கு அஞ்சிய எரிச்சலில், ஒரு விளையாட்டு வீரரைப் பற்றி நாம் சொன்ன வாக்கியம் அது. காத்ரி அதைக் கேட்டதில்லை. கேட்கப் போவதும் இல்லை. கேட்டவன் ஒன்பது வயதுப் பிள்ளை. அவன் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டு, தன்னை ஒருவன் இழிவுபடுத்தியபோதும் எம்மிடம் வராமல் மறைத்துவிட்டான்.

இதை எழுதும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். காத்ரியின் 2019ஆம் ஆண்டுச் செயல் தவறே. டெப்ரஸ்க்கின் முகத்தில் ஸ்டிக்கால் இடித்ததற்கு நியாயம் கற்பிக்க இயலாது, தடை பொருத்தமானதே. அதைத் தவறு என்று பிள்ளைகளிடம் சொல்வது எமது கடமையும்கூட. நாம் சொன்னது அதுவல்ல. செயலை விட்டு மனிதரைப் பிடித்தோம். கோல் போட்டால் நம்மவர், தடை பெற்றால் அந்நியர் என்று ஒரு பதிவேட்டை எம் கையில் வைத்துக்கொண்டோம். மற்ற வீரர்கள் குற்றம் இழைத்தால் அது அவரவர் குற்றமாகவே நிற்கிறது. காத்ரி இழைத்தால் மட்டும் உம்மத்தின் பெயர் ஏன் அவர் தோளில் ஏற வேண்டும்? செயின்ட் லூயிஸில் அவரை ஏசியவர்களும் அவருடைய மார்க்கத்தைத்தானே பிடித்துக்கொண்டார்கள்! இந்த ஒப்புமை எமக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அதை விலக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு அச்சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டோம். எந்தச் சபையில் சொன்னோமோ அந்தச் சபையிலேயே கேட்க வேண்டும் என எண்ணினோம். ஆனால் 2019இன் வகுப்பில் இருந்தவர்களுள் நால்வர் மட்டுமே எஞ்சியிருந்தனர். மற்றவர்கள் வளர்ந்து சென்றுவிட்டார்கள். அந்த நால்வரையும் புதியவர்களையும் முன்னிருத்தி, அன்று இவ்வாறு சொன்னோம், அது பிழை, பட்டப்பெயரைத் தடுக்காததும் பிழை என்றோம். சிறுவன் காது சிவக்க, "பரவாயில்லை உஸ்தாத்" என்றான். அதில் பரவாயில்லை என்பது எவ்வளவு, பன்னிரண்டு வயதின் கூச்சம் எவ்வளவு என்று எமக்குத் தெரியவில்லை. பெப்ரவரியில் நடந்ததைப் பற்றி அவனுடைய வாப்பாவும் நாமும் சேர்ந்து பயிற்சியாளரைச் சந்தித்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அதன் பின்னர் அவன் எமக்குச் செய்தி கொண்டு வரத் தொடங்கினான். ஜூன் தொடக்கத்தில் எட்மன்டன் அணியின் எவாண்டர் கேன் பின்னால் இருந்து தள்ளியதில் காத்ரியின் பெருவிரல் உடைந்தது, அறுவை சிகிச்சை நடந்தது என்பதை அவன்தான் சொன்னான். இனி இப்பருவத்தில் ஆடமாட்டார் என்று நாம் சொன்னபோது, "வருவார் பாருங்க" என்றான். ஜூன் 22, டாம்பா பே அணிக்கு எதிரான இறுதிச் சுற்றின் நான்காவது போட்டியில் அவர் வந்தார். மேலதிக நேரத்தில் அவர் அடித்த பக் வலையின் மேற்பகுதியில் சிக்கிக்கொண்டது. சில கணங்கள் எவருக்கும் அது கோல் என்று விளங்கவில்லை. கோல் காப்பாளரும் தேடினார், கூட்டமும் தேடியது. நாம் அதை மறுநாள் சுபஹுக்குப் பின் கைப்பேசியில் பார்த்தோம், மூன்று முறை. நான்கு நாட்களின் பின் கொலராடோ கிண்ணத்தை வென்றது. அக்கிண்ணத்தை வென்ற முதல் முஸ்லிம் வீரர் காத்ரி என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின.

கிண்ணத்தை வென்ற ஒவ்வொருவருக்கும் அதைத் தம் ஊருக்கு எடுத்துச் செல்ல ஒரு நாள் கொடுக்கப்படும். 2022 ஆகஸ்ட் 27, சனிக்கிழமை, காத்ரி அதை லண்டன் முஸ்லிம் பள்ளிவாசலுக்குக் கொண்டு வந்தார். டொரன்டோவில் இருந்து வாகனத்தில் இரண்டு மணி நேரப் பயணம். சிறுவனின் வாப்பா இரவு வேலை முடித்துத் தூங்காமலே வாகனம் ஓட்டினார். பின் இருக்கையில் சிறுவன் 43ஆம் இலக்க நீலச் சட்டையுடன் இருந்தான். ஒன்பது வயதில் முழங்கால் வரை தொங்கிய சட்டை இப்போது அளவாக இருந்தது. காத்ரி அதற்கு ஒன்பது நாட்கள் முன்னர் கல்கரி அணியுடன் 7 ஆண்டுகளுக்கு 49 மில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்திருந்தார், முன்பு போக மறுத்த அதே கல்கரி. கிண்ணம் கொலராடோவுடையது, மனிதர் கல்கரிக்காரர், சட்டை டொரன்டோவுடையது. "பிழையான சட்டை இல்லையா மகன்?" என்று அவனுடைய வாப்பா கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். "எனக்கு இது சரி" என்றான்.

பெருங்கூட்டம். ஹிஜாப் அணிந்த மூதாட்டிகளும், தோளில் பிள்ளைகளைச் சுமந்த தந்தையரும், முஸ்லிம் அல்லாத அயலவர்களும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். எமக்குத் தொலைவில் இருந்து வெள்ளியின் மினுக்கம் மட்டுமே தெரிந்தது. கூட்டம் சற்று நகர்ந்தால் கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்கலாம் என்றோம். சிறுவன் இரண்டு கைகளையும் சட்டையின் கைகளுக்குள் இழுத்துக்கொண்டான்.

"நான் தொடமாட்டேன் உஸ்தாத். ஆடுற ஆக்கள் வெல்றதுக்கு முன்னம் அதைத் தொடக் கூடாது. தொட்டால் கிடைக்காது."

ஏனைய நாட்களில் என்றால், சகுனம் பார்ப்பது குறித்து அந்த இடத்திலேயே அவனுக்கு ஒரு பாடம் நடத்தியிருப்போம். அன்று நடத்தவில்லை. அவனுக்குத் தெரியும் வண்ணம் சற்று விலகி நின்றோம்.